பாதை எப்படி இருக்கு?

(சங்கத்தின் பங்குனி மாத ஒன்றுகூடலில் ஆற்றிய பேச்சு)



நான் மேடையில் பேசிப் பழக்கமில்லாதவன். உயர்தரத்தோடு படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போனவன். இங்கே நோர்வேயிலும் மீன் தொழிற்சாலையில்தான் வேலை. "ஈஸ்டர் லீவுக்கு எங்கட பிள்ளையள் மலைக்குப் போகினம். பாதையைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லுமன்" என்று செயலாளர் அண்ணை கேட்டார். "எனக்கு ஸ்கீ ஓடவே தெரியாதே அண்ணை" என்றேன். "விழுந்து எழும்பினதையாவது சொல்லும்" என்றார். ஆனால் நான் சொல்ல வந்தது, என்னால் வேறொரு பிள்ளை விழுந்த கதை.

இங்கே வர முன்னம் 2015 முதல் மூன்று வருடம் பர்மாவில் இருந்தேன். யாங்கோன் நகரத்துக்கு மேற்கே, லைங் ஆற்றுக்கு அப்பால் லைங் தாயா என்றொரு இடம். அங்கே ஒரு உடுப்புத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர் வேலை. 2014 குடிசன மதிப்பின்படி அங்கே ஆறு லட்சத்து எண்பதாயிரத்துக்கு மேல் சனம். 2008 மே மாதம் நர்கீஸ் புயல் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தை அழித்தது. 130,000 பேருக்கு மேல் இறந்தும் காணாமலும் போனார்கள். மிஞ்சியவர்களில் பலர் பிழைப்புத் தேடி வந்து சேர்ந்த இடம் லைங் தாயா. இடம்பெயர்ந்த சனம் எண்டபடியால் எனக்கு அவையளோட ஒரு ஒட்டு.

அங்கே மே நடுப்பகுதியில் தொடங்கும் மழை ஐப்பசி வரை விடாது. யாங்கோனில் வருடத்துக்கு 2,700 மில்லிமீற்றர் அளவில் மழை. ஒஸ்லோவில் மழையும் பனியும் சேர்ந்தே 800 அளவுதான். அமாவாசை, பறுவம் வந்தால் கடல் பெருக்கு ஆற்றில் ஏறும். மழையும் பெருக்கும் ஒரே நாளில் வந்தால் றோட்டு எது, வாய்க்கால் எது எண்டு தெரியாது. தொழிற்சாலை பஸ்ஸை அங்கே 'ஃபெரி' என்பார்கள். பெயர்தான் ஃபெரி, தண்ணிக்குள்ள வராது. பிள்ளைகள் ஒழுங்கையால் நடந்து பெரிய றோட்டுக்கு வரவேணும். அப்போது குறைந்தபட்ச நாட்கூலி 3,600 சாட். ஒருநாள் வராவிட்டால் அந்த மாத வரவு போனசும் போய்விடும்.

2016 ஆடி மாதம். கப்பலுக்குச் சாமான் போகவேண்டிய நாள். விடியக்காலமை என் லைனில் தைக்கிற ஒரு பிள்ளை போன் எடுத்தது. "சயா, எங்கட ஒழுங்கையில தண்ணி முழங்காலுக்கு மேல. இண்டைக்கு வரேலாது" என்று பர்மா மொழியில் சொன்னது. நான் சொன்னது இதுதான்: "மற்றவை எல்லாரும் வந்திட்டினம். போனஸ் போயிடும், பாத்துக்கொள்." மற்றவர்கள் வந்துவிட்டார்கள் என்பதும் பொய்.

பிள்ளை வெளிக்கிட்டது. தண்ணிக்கு அடியில் மூடியில்லாத வாய்க்கால். விழுந்து கால் முறிந்தது. இரண்டு மாதம் வேலையுமில்லை, சம்பளமுமில்லை. பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். தாய் தேத்தண்ணி தந்தா. ஒரு சொல்லும் சொல்லேல்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "இண்டைக்கு நில்" என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருந்தது. பாதை எப்படி இருக்கு என்று ஒரு கேள்வி கேட்க மனம் வரவில்லை.

போன ஈஸ்டருக்கு என்னோடு வேலை செய்யும் நோர்வேக்காரர் ஒருவர் என்னை மலைக்குக் கூட்டிப்போனார். மூன்று நாள் முன்பிருந்தே காற்றைப் பார்த்தார், பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தார். அது 1 முதல் 5 வரை இருக்கும். 3 என்றால் நடுத்தரம்தானே என்று நினைக்கக்கூடாது. உயிர் போகும் விபத்துகள் பல 3 இல்தான் நடக்கின்றன. 30 பாகைக்கு மேல் சரிவான இடத்தில் ஏறவும் கூடாது, அதற்குக் கீழே நிற்கவும் கூடாது. இந்தக் காலத்தில் காலமை பனி கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கும். மத்தியானம் வெயிலில் இளகினால் அதே சரிவு இடிந்து வரலாம்.

பாதி வழியில் காற்று எழும்பிப் புகார் மூடியது. அவர் திரும்பினார். "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்றேன். 1967 ஈஸ்டரில் மலையில் 18 பேர் இறந்ததையும், அதன் பிறகு மலை விதிகளைச் செஞ்சிலுவைக்காரரும் மலைநடைச் சங்கத்தாரும் நாடெல்லாம் பரப்பியதையும் சொன்னார். மொத்தம் ஒன்பது விதி. எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. திங்கட்கிழமை வேலையில் ஒருவரும் பகிடி பண்ணவில்லை. எங்கள் ஃபோர்மன் முதலில் கேட்டது, "பாதை எப்படி இருந்தது?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

தம்பி தங்கைகளே, மலைக்குப் போக முன்னம் பாருங்கள், கேளுங்கள். சரியில்லை என்றால் திரும்புங்கள். பெரியவர்களே, பனிப்புயலில் வேலைக்கு வா என்று போன் வந்தால், "றோட்டு இப்படி இருக்கு" என்று சொல்லப் பயப்படாதீர்கள். எங்களில் சிலர் இப்போது ஆட்களை நடத்தும் இடத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை பேர் வந்தார்கள் என்பதல்ல.

எங்கள் புத்தாண்டு நேரம்தான் பர்மாவிலும் தண்ணீர் ஊற்றி வருடம் பிறக்கும். அதற்கு அடுத்த மாதம் மழை. 2021 க்குப் பிறகு லைங் தாயா மழையை விடப் பெரிய பயங்களைக் கண்டுவிட்டது. அந்தப் பிள்ளையின் போன் நம்பர் இப்போது வேலை செய்வதில்லை. கிடைத்தால் நான் கேட்கப்போவது ஒரே கேள்வி. அது என்ன என்று உங்களுக்குத் தெரியும்.