மெடலுக்குப் பிறகு வரும் பணம்

(திருத்தணிக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை எழுதுகிறவன் என்றாலும் எனக்குச் சோறு போடுவது பேங்க் கவுண்டர்தான். அங்கே உட்கார்ந்து ஒன்று கற்றுக்கொண்டேன். பணம் எவ்வளவு என்பதைவிட எப்ப வருது என்பதுதான் முக்கியம். விதைக்கிற மாசத்துல வராத கடன் அறுப்பு முடிஞ்சு வந்து என்ன பிரயோசனம்?

புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள், தலித் பெண். 2006 டிசம்பரில் தோகா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். சில நாளில் பாலினச் சோதனை என்று சொல்லி மெடலைப் பிடுங்கினார்கள். தமிழக அரசு 15 லட்சம் கொடுத்தது. கொடுத்தது சரி. ஆனா நாட்டின் மானம் காக்க ஓடியவளின் மானம் காக்க யாரும் வழக்குப் போடவில்லை. 2012ல் அதே பெண் செங்கல் சூளையில் தினக்கூலி. பயிற்சியாளர் வேலை நிரந்தரமானது 2016ல்தான். பத்து வருஷம்!

2014ல் ஒடிசாவின் துத்தி சந்த்துக்கும் இதே சிக்கல் வந்தது. நம்ம பக்கத்துத் தறிக்காரர் வீடு மாதிரி நெசவாளி வீட்டுப் பெண். அரசு துணை நின்றது, சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்தில் 2015ல் ஜெயித்தார். சாந்திக்கு நடந்ததைப் பார்த்து வந்த புத்தி என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் புத்திக்கு விலை கொடுத்தது யார்?

2014ல் ஒன்றிய அரசு 'டாப்ஸ்' திட்டம் கொண்டுவந்தது. ஒலிம்பிக்குக்குத் தயாராகிற முதல் வரிசை வீரர்களுக்குக் கைச்செலவுக்கு மட்டும் மாதம் 50,000. நல்லதுதான். ஆனா அந்தப் பட்டியல்ல பேர் ஏற, முன்னாலேயே ஓடிக் காட்டியிருக்கணும். அதுவரைக்கும் முட்டைக்கும் பஸ்ஸுக்கும் யார் காசு தருவா? 2021ல் டோக்கியோ போன மதுரை ரேவதி வீரமணி வெறுங்காலோடு ஓட ஆரம்பித்தவர். அதே வருஷம் தங்கம் வாங்கினால் 3 கோடி என்று தமிழக அரசு அறிவித்தது. ஜோடி 3,000 ரூபாய் என்றாலும் 10,000 ஜோடி ஷூ. கணக்குப் போடுவது என் தொழில், அதனால் சொல்கிறேன்.

பரிசு வேண்டாம்னு நான் சொல்லல. ஜெயிச்ச பிறகு கொடுத்தால் அது தயவு. ஓடும்போதே கொடுத்தால்தான் உரிமை. ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதியிலும் ஓடுகிற பிள்ளைக்குத் தனிச் சாப்பாட்டுப் பணம், ஷூ, ஒரு கோச். இதைக் கேட்போம்.

இந்த மலைக்கு 365 படி. மேல்படியில் மாலையோடு நிற்கிற அரசை முதல் படிக்கு இறங்கி வரச் சொல்லணும். நம்ம பிள்ளை நிற்கிறது அங்கேதான்.