பழைய வண்டியும் வடநாட்டுக் குளிரும்

உத்தியோக மாற்றலாகி வடக்கே வரும் நம்மவர்கள் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் ஊரில் விட்டுவிட்டு வந்தாலும், ஓடித் தேய்ந்த மோட்டார் வண்டியை மட்டும் விட மனமில்லாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து விடுகிறார்கள். நானும் அவ்வாறு கொண்டுவந்தவன்தான். கோயமுத்தூரில் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த கார் அது. அம்பாலாவில் வந்து இறங்கியபோது 1,74,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. அதன் டாஷ்போர்டில் நீலத்திலிருந்து சிவப்புக்குத் திரும்பும் திருகு ஒன்று உண்டு. பன்னிரண்டு ஆண்டுகளில் யாரும் அதைச் சிவப்புப் பக்கம் திருப்பியதாக எனக்கு நினைவில்லை. கோயமுத்தூரில் இருப்பவர் காருக்குள் சூட்டைத் தேடிப் போவாரா?

வந்த ஆண்டு டிசம்பரிலேயே குடும்பத்துடன் சிம்லாவுக்குப் புறப்பட்டோம். கால்காவைத் தாண்டி மலையேறத் தொடங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. சோலனை நெருங்குகையில் நன்றாக இருட்டிவிட்டது. கண்ணாடியின் உட்புறம் நால்வர் மூச்சின் ஈரமும் படிந்து வெளுத்துப் போயிற்று. திருகைச் சிவப்புக்குத் திருப்பினேன். வந்த காற்று கிணற்றடிக் காற்றுப் போல் இருந்தது. என் மனைவி புடைவைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க ஈரம் மீண்டும் படிந்தது. எதிரே வந்த லாரியின் விளக்கு ஒரு வெள்ளைப் பிழம்பாகத் தெரிந்ததேயன்றிப் பாதையின் விளிம்பு தெரியவில்லை. அந்த விளிம்புக்கு அப்பால் இருப்பது பள்ளம். ஜன்னல்களை இறக்கிவிட்டு, குழந்தைகளைக் கம்பளியில் சுற்றி, ஊர்ந்து ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். ஹீட்டர் சுகத்துக்காக ஏற்பட்டது என்று எண்ணியிருந்தேன். கண் தெரிவதற்கும் அது வேண்டும் என்பதை அன்றிரவு அறிந்தேன்.

திரும்பி வந்ததும் பெரிய பட்டறையொன்றில் வண்டியைக் காட்டினேன். பானெட்டைத் திறந்துகூடப் பாராமல், ‘ஹீட்டர் கோர் அடைத்துப் போயிற்று, டாஷ்போர்டு முழுவதையும் கழற்றி மாற்ற வேண்டும்’ என்று கூறி, வண்டியின் விலையில் பெரும்பகுதியாகும் ஒரு தொகையையும் சொன்னார்கள். மனமுடைந்து, சாலையோரத்துச் சிறு பட்டறை ஒன்றில் முதியவரான சர்தார்ஜி ஒருவரிடம் போனேன். அவர் என்ஜின் முற்றும் ஆறும்வரை காத்திருந்தார். பிறகு அதை ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு மேலே போகும் பருத்த ரப்பர்க் குழாயின்மேல் கையை வைத்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ‘இந்த வண்டியில் தெர்மோஸ்டாட் இல்லை’ என்றார். கழற்றிப் பார்த்தால் அது இருக்க வேண்டிய கூடு காலியாக இருந்தது.

கைவைத்த மாத்திரத்தில் அவர் கண்டுகொண்டது எப்படி? ஹீட்டருக்கென்று தனியாக நெருப்புக் கிடையாது. பெட்ரோல் எரிந்து உண்டாகும் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும், என்ஜினைச் சுற்றி ஓடும் நீரோடும் சூடாக வெளியேறிவிடுகிறது. அந்த நீரில் ஒரு சிறு கிளை இரண்டு குழாய்களின் வழியாக டாஷ்போர்டின் பின்னுள்ள சின்னஞ்சிறு ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. ஹீட்டர் கோர் என்பது அதுதான். விசிறி அதன்மேல் காற்றை வீசுகிறது. ஆகவே காற்று குளிர்ந்திருந்தால் நான்கில் ஒன்றுதான் காரணமாக இருக்க முடியும்: நீர் சூடேறவில்லை; நீர் போதவில்லை; சூடான நீர் கோருக்குப் போய்ச் சேரவில்லை; அல்லது சேர்ந்தும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக் கொண்டுவரவில்லை. இவற்றுள் எது என்று அறியுமுன் எதையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள்.

முதலாவது காரணம் நம் தென்னாட்டு வண்டிகளுக்கே உரியது என்று சொல்லலாம். தெர்மோஸ்டாட் என்பது, நீர் ஏறத்தாழ 82 முதல் 88 டிகிரி வரை சூடேறும்வரையில் ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைக்கும் சிறு கதவு. எந்தச் சூட்டில் திறப்பது என்பது வண்டிக்கு வண்டி சற்று வேறுபடும். வயதான வண்டியில் அக்கதவு மூடியபடியே சிக்கிக்கொண்டால் என்ஜின் கொதித்துவிடும். சித்திரை வெயிலில் நடுவழியில் கொதித்து நின்ற வண்டியைப் பார்த்த நம் ஊர் மெக்கானிக், புதியதை வாங்கிப் போடுவதற்குப் பதிலாக அதை எடுத்து எறிந்துவிடுகிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அங்கே அதன் இன்மை யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் என்ஜின் அன்றுமுதல் தனக்குரிய சூட்டை அடையாமலே ஓடுகிறது. எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது. எண்ணெயில் கசடு சேர்கிறது. சில என்ஜின்களில் இதை எடுத்துவிட்டால் நீர் குறுக்கு வழியே சுற்றிச் சூடு இன்னும் அதிகமாவதும் உண்டு.

இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் ஆறிய என்ஜினை ஓடவிட்டு மேற்குழாயைத் தொடுங்கள். தெர்மோஸ்டாட் சரியாக இருந்தால் சில நிமிடங்கள்வரை குழாய் குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். தொடக்கத்திலிருந்தே சிறிது சிறிதாக வெதுவெதுப்பானால் அக்கதவு திறந்தபடி நிற்கிறது, அல்லது அடியோடு இல்லை. உஷ்ணமானியின் முள் நடுவுக்கு வராமலே இருப்பதும், இறக்கத்தில் ஓடும்போது கீழே விழுவதும் இதே கதைதான். கை வைக்கும்போது சட்டைக் கையும் துப்பட்டாவும் பெல்ட்டின் அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்விசிறி சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும்.

அடுத்தது நீரின் அளவு. வண்டி நிற்கும்போது குளிர்ந்த காற்றும், என்ஜினை வேகப்படுத்தினால் சூடான காற்றும் வந்தால், நீர் குறைந்திருக்கிறது, உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது பம்பு வலுவிழந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். சூடான என்ஜினில் நீர் அழுத்தத்தோடு நூறு டிகிரிக்கு மேலும் கொதியாமல் இருக்கும். மூடியைத் திருகிய கணத்தில் பொங்கி முகத்தில் பாயும். இவ்விதம் வெந்து போனவர்களைப் பட்டறைகளில் கேட்டால் சொல்வார்கள்.

மூன்றாவது, கோருக்குப் போகும் இரண்டு மெல்லிய குழாய்கள். என்ஜின் நன்றாகச் சூடான பின் அவற்றைத் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக இருந்தால் நீரின்மேல் குற்றமில்லை. காற்றைத் திருப்பும் தகடோ, அதன் கம்பியோ, விசிறியோ, தூசி படிந்த காற்று வடிகட்டியோ காரணம். வடிகட்டியை நீங்களே கழற்றிப் பார்க்கலாம். இரண்டும் குளிர்ந்திருந்தால் வழியில் அடைப்பு, அல்லது வால்வு மூடியிருக்கிறது. இரண்டு குழாய்களும் கோருக்குப் போகாமல் ஒன்றோடொன்று இணைத்துக் கட்டப்பட்டிருப்பதையும் கண்டிருக்கிறேன். முன்னொரு காலத்தில் கோர் ஒழுகியிருக்கும், யாரோ செய்த சிக்கனம். ஒன்று சூடாகவும் மற்றது ஆறியும் இருந்தால் மட்டுமே கோர் அடைத்துப் போனதென்று சொல்ல நியாயம் உண்டு.

அவ்வாறு அடைப்பதற்கும் நம் பழக்கமே பெரும்பாலும் காரணம். குழாயடித் தண்ணீரை ஊற்றி ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோம். உப்பும் துருவும் கோரின் நூலிழை போன்ற பாதைகளில் படிகின்றன. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டும் கைவைத்தியம் ஒன்றும் உண்டு. ஒழுகும் துவாரத்தை அது அடைக்கலாம். அடைக்கக் கூடாத பாதைகளையும் அடைக்கும். கோரைக் கழற்றாமலே, நீர் வெளிவரும் வாய் வழியாகத் தோட்டத்துக் குழாயின் நீரை மெதுவாக எதிர்த் திசையில் செலுத்திக் கழுவிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய கோரில் அழுத்தமாக அடித்தால் வெடித்துவிடும். பலமுறை இதனாலேயே காரியம் முடிந்துவிடுவதுண்டு.

சாதாரணத் தண்ணீருக்கு வடக்கே இன்னொரு பெரிய அபாயமும் உண்டு. நீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கிறது. சிம்லாவிலோ ஸ்ரீநகரிலோ ஓர் இரவு வெளியே நிறுத்திய வண்டியில் நீர் உறைந்தால் என்ஜினின் இரும்பே பிளக்கக்கூடும். கூலண்டும் வடித்தெடுத்த நீரும் சரிபாதியாகக் கலந்தால், எத்திலீன் கிளைக்கால் வகையானது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. அது இனிப்புச் சுவையுள்ள விஷம். குழந்தைகளுக்கும் தெரு நாய்களுக்கும் எட்டாமல் வையுங்கள்.

கூலண்டின் இனிய வாசனை வண்டிக்குள் வந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான படலம் படிந்து, கால்மிதியின் கீழ் ஈரமும் இருந்தால் கோர் ஒழுகுகிறது. இங்கே செலவுக்கு அஞ்சுவதில் பயனில்லை. வெளியே ஒழுக்கு ஏதுமின்றி நீர் வாரந்தோறும் குறைந்து, என்ஜின் சூடான பின்னும் புகைக்குழாயில் வெண்புகை அடங்காமல், ரேடியேட்டரில் குமிழிகளும் எழுந்தால் ஹெட் காஸ்கெட் பழுதென்று ஐயுறலாம். அப்போது ஹீட்டரை மறந்து, வண்டியை ஓட்டாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லுங்கள். ஆனால் குளிர்காலத்தில் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் சிறிது பால் போன்ற நுரை காண்பது பெரும்பாலும் ஈரத்தின் விளைவே. அதைக் காட்டி என்ஜினைப் பிரிக்கச் சொல்பவரிடம் மேலும் ஓர் அத்தாட்சி கேளுங்கள்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜினுக்குள் முன்சூடு தரும் குளோ பிளக்குகள் நான்கில் மூன்று செத்திருந்தாலும் மதுரையில் வண்டி கிளம்பிவிடும். ஜனவரி அதிகாலையில் டில்லியில் கிளம்பாது. பழி பாட்டரியின்மேல் விழும். பாட்டரியை முதலில் அளந்து பார்க்கலாம். ஓய்வில் 12.6 வோல்ட்டும், என்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.4 வரையும் காட்டினால் அதை விட்டுவிட்டுப் பிளக்குகளைப் பாருங்கள்.

ஹீட்டர் சரியான பிறகும் கண்ணாடியில் ஈரம் படிந்தால், உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து வெளிக்காற்றை வரவிட்டு, ஹீட்டரோடு ஏ.சி.யையும் சேர்த்து ஓட்டுங்கள். குளிரில் ஏ.சி.யா என்று வீட்டார் சிரிப்பார்கள். ஏ.சி. காற்றின் ஈரத்தை வடிக்கிறது; ஹீட்டர் அதைச் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்புகிறது. மூடுபனிக் காலையில் ஓட்டுபவருக்கு இதைப் போன்ற உதவி வேறில்லை.

இறுதியாக, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய வண்டிகளில் ஹீட்டரைப் பார்க்கும் அன்றே புகைக்குழாயையும் மேலே தூக்கிப் பாருங்கள். துருப்பிடித்த இணைப்பில் கசியும் புகை, தரையிலுள்ள ஓட்டை வழியாகவோ ஹீட்டர் இழுக்கும் காற்றோடோ உள்ளே வரும். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் தூக்கமும்தான் அறிகுறி. அதைப் பயணக் களைப்பென்று எண்ணிவிடுவோம். வண்டி நல்ல நிலையில் இருந்தாலும், மூடிய கொட்டகையில் என்ஜினை ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள். மலைப்பாதையில் பனி பெய்து வழி அடைத்து நிற்க நேர்ந்தால், ஹீட்டருக்காக என்ஜினை ஓடவிட்டபடி ஜன்னல்களை அடைத்துக்கொண்டு உறங்காதீர்கள். பனி புகைக்குழாயின் வாயை மூடினால் நல்ல வண்டியிலும் புகை உள்ளே திரும்பும். என்ஜினை அணைத்துக் கம்பளியைப் போர்த்திக்கொள்ளுங்கள். அவ்வப்போது சிறிது நேரம் ஓட்டிச் சூடேற்ற வேண்டுமானால், முதலில் இறங்கிப் போய் அந்தக் குழாயின் வாயிலிருந்து பனியைக் கையால் அகற்றிவிட்டு வாருங்கள்.