அப்பாவோட கேசட் பெட்டி

இன்னைக்கு எங்க வீட்டுக் கதை. கொஞ்சம் என் தப்பும் இதுல இருக்கு.

முத்தியால்பேட்டையில மூணு தலைமுறையா ஒரே சண்டை, பாட்டுச் சண்டை. 1976-ல 'அன்னக்கிளி' வந்தப்ப அப்பாவுக்கு பதினஞ்சு வயசு. தாத்தா எம்.எஸ்.வி. ஆளு. "இதெல்லாம் ஒரு பாட்டா?"ன்னு ரேடியோவை அணைச்சிடுவாராம். 1992-ல 'ரோஜா' வந்ததும் அப்பா அதே வசனத்தை சித்தப்பாகிட்ட சொன்னார். 2015-ல 'நானும் ரௌடி தான்' பார்க்கப் போனோம். நம்ம பாண்டியில எடுத்த படம், தெரிஞ்ச தெரு வந்தாலே தியேட்டர்ல விசில். வெளியே வந்ததும் அப்பா சொன்னது: "ஊரு நல்லா இருக்கு, பாட்டுதான் ஒரே இரைச்சல்." நான் அனிருத் ரசிகன். விடுவேனா?

இந்தச் சண்டை நடந்ததுக்கே காரணம், வீட்ல ஒரே ஒரு ஸ்பீக்கர் இருந்ததுதான். ஒருத்தர் வச்சா எல்லாரும் கேட்டாகணும். இப்போ ஆளுக்கொரு இயர்போன். என் தங்கச்சி கொரியன் பாட்டு கேட்கிறான்னு எனக்கு தெரிஞ்சதே ரெண்டு வருஷம் கழிச்சுதான்.

அப்பா காலத்துல இலங்கை வானொலி. கடலுக்கு அந்தப்பக்கம்தானே, மீடியம் வேவ்ல நல்லாவே எடுக்குமாம். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் குரலுக்கே தனி ரசிகர்கள். பாடினவர், எழுதினவர், இசையமைச்சவர் பேரெல்லாம் அவங்க வாயால கேட்டே அப்பாவுக்கு மனப்பாடம். 1980 வாக்குல பிரான்ஸ்ல இருந்து வந்த மாமா ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். ரேடியோ பக்கத்துல அதை வச்சு, மூச்சு விடாம உட்கார்ந்து பதிவு பண்ணுவாராம். அப்புறம் ரெக்கார்டிங் கடை வந்துச்சு. பேப்பர்ல லிஸ்ட் எழுதிக் கொடுக்கணும். 60 நிமிஷ கேசட்னா பன்னெண்டு, பதிமூணு பாட்டுதான். எதைச் சேர்க்கிறதுன்னு இல்ல, எதை வெட்டுறதுன்னுதான் ராத்திரி பூரா யோசனை.

2018-ல வெள்ளை அடிக்கிறப்ப அந்தப் பெட்டியை நான் பழைய சாமான்காரர்கிட்ட போட்டுட்டேன். ப்ளேயரே இல்லையே, எதுக்குன்னு நினைச்சேன். அப்பா திட்டல. "எல்லாம்தான் போன்ல இருக்கே"ன்னார். திட்டியிருந்தா பரவாயில்ல.

அதே பாட்டெல்லாம் தேடி பிளேலிஸ்ட் போட்டுக் கொடுத்தேன். ரெண்டு பாட்டு கேட்டுட்டு, "ராஜா குரல் வரலியேப்பா"ன்னார். இளையராஜா பாடின பாட்டா தேடித் தேடிச் சேர்த்தேன். ஒரு வாரம் கழிச்சுதான் புரிஞ்சது, அவர் கேட்டது கே.எஸ். ராஜாவை. பாட்டு தொடங்குறதுக்கு முன்னாடி வர்ற அந்த அறிவிப்பு, அது அந்தப் பெட்டியில மட்டும்தான் இருந்துச்சு.

அதிலிருந்து காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல கேசட் குவியல் பார்த்தா நின்னுடுவேன். எங்களோடது இதுவரை கிடைக்கல. போன மாசம் வேற யாரோ கையால லிஸ்ட் எழுதின ஒரு கேசட், இருபது ரூபா. வாங்கிட்டு வந்தேன். அப்பா கண்ணாடி போட்டு ரெண்டு பக்கமும் படிச்சார்.

"யார்றா இவன்? பி சைடுல நாலாவது பாட்டை எதுக்குப் போட்டான்? இதுக்கு அந்தப் படத்துலயே வேற பாட்டு இருக்கே."

அரை மணி நேரம் முகம் தெரியாத ஒருத்தரோட சண்டை. நான் அந்த ஆள் பக்கம் பேசினேன்.