ஆங்கிலத்தில் எதிர்காலம்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பெரும் படிப்புப் படித்தவன் அல்லன். பத்தாம் வகுப்புத் தேறி இரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்தவன். ஆயினும் நாள்தோறும் ஆங்கிலக் கடிதங்களோடும் விதிநூல்களோடும் பழகுகிறவன். அப்பழக்கத்தால் அறிந்ததையே சொல்ல வந்திருக்கிறேன். தலைப்பைக் கண்டு, நம் தங்கவயலின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவேன் என்று எண்ணியவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் பேசப் போவது இலக்கணம். ஆனால் இலக்கணம் பிழைத்தால் குடும்பமும் இடர்ப்படும் என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

நான் எட்டாம் வகுப்பில் பயின்ற நாள் அது. என் தந்தையார் சுரங்கத்தில் நிலத்தடி வேலை பார்த்தவர், ஆங்கிலம் அறியாதவர். வடஆர்க்காட்டுக் கிராமத்தில் பாட்டி குடியிருந்த வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்காக ஓரிடத்தில் கடன் கேட்டு விண்ணப்பித்திருந்தார். பதில் ஆங்கிலத்தில் வந்தது. 'யுவர் அப்ளிகேஷன் மே பி கன்சிடர்ட்' என்று எழுதியிருந்தது. நான் பெருமிதத்தோடு படித்து, "கொடுப்பார்களாம், அப்பா" என்றேன். அவர் அதை நம்பி ஓட்டுக்கடையில் கடன் சொல்லி ஓடு வாங்கிவிட்டார். கேட்ட பணம் வரவேயில்லை. அடகுக்குப் போன அம்மாவின் கம்மல் திரும்பவேயில்லை. தந்தையார் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சரியாய்த்தான் படித்தாயா, தம்பி?" என்று ஒரே ஒரு முறை கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியே ஆங்கில இலக்கணத்தைப் புரட்டத் தொடங்கினேன்.

தமிழில் 'நடப்பேன்', 'செய்வேன்' என்றால் வினைக்குள்ளேயே எதிர்காலம் இருக்கிறது. 'ப்', 'வ்' என்னும் எழுத்துக்கள் அதைக் காட்டுகின்றன. ஆங்கில வினைக்கு இறந்தகால உருவம் உண்டு. எதிர்காலத்துக்கென்று தனி உருவம் இல்லை. ஆகவே அம்மொழி துணைச்சொற்களை வைத்துக் காரியம் நடத்துகிறது. 'வில்' என்பது ஆதியில் விருப்பத்தைக் குறித்த சொல். 'ஷால்' என்பது ஆதியில் கடன்பட்டிருத்தலைக் குறித்தது. இன்றும் அவ்வாசனை முழுவதும் போய்விடவில்லை. ஒருவர் 'ஐ வில் ஹெல்ப் யூ' என்றால் அவர் மனம் இசைந்து வாக்களிக்கிறார். எங்கள் விதிநூலில் 'ஷால்' என்று வந்தால் அது கட்டளை. மீறினால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேறு வழிகளும் உண்டு. கருமேகத்தைக் கண்டு மழை வரப்போகிறது என்பதற்கு 'கோயிங் டு' வேண்டும்; அறிகுறி கண்முன் இருக்கிறது. நாளைக்கு ஒருவரைச் சந்திக்க ஏற்பாடு ஆகிவிட்டதென்றால் 'ஐ ஆம் மீட்டிங் ஹிம் டுமாரோ' என்று நிகழ்காலத் தொடர்வினையிலேயே சொல்லலாம். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர் பார்க்கும் கால அட்டவணையோ, 'தி ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்' என்று சாதாரண நிகழ்காலத்தில் பேசும். நாளைய வண்டியானாலும் நேரம் முன்னரே குறிக்கப்பட்டதன்றோ! வண்டி தாமதித்தால் அது இலக்கணத்தின் குற்றம் அன்று.

மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க. 'வென் ஹி வில் கம், ஐ வில் டெல்' என்று எழுதுகிறீர்கள். 'வென் ஹி கம்ஸ்' என்பதே சரி. இது விந்தையும் அன்று. நாமும் 'அவன் வந்தால் சொல்வேன்' என்கிறோம். 'வந்தால்' என்பதில் இருப்பது இறந்தகால வடிவமே. 'இதோ வந்துவிட்டேன்' என்று புறப்படுமுன்பே கூறுகிறோம். விரைவு முதலிய காரணங்களால் காலம் மயங்கும் என்று தொல்காப்பியரும் நன்னூலாரும் விதி வகுத்துள்ளனர்.

எஞ்சியது 'மே'. இது எதிர்காலமன்று, ஐயம் அல்லது அனுமதி. நடக்கலாம், நடவாமலும் போகலாம். இச்சிறு சொல்லின் மேல் பாராளுமன்றமே வாதிட்டதுண்டு. அரசியல் சட்டப்படி ஆங்கிலத்துக்கு அளித்த 15 ஆண்டுத் தவணை 1965 ஜனவரி 26ஆம் நாள் முடிவதாக இருந்தது. அதன் பின்னும் ஆங்கிலம் தொடரலாம் என்று 1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் கூறியது. 'தொடரலாம்' என்பதற்கு அங்கே இட்ட சொல் 'மே'. மாநிலங்களவையில் இருந்த அறிஞர் அண்ணா, அச்சொல் தொடராமற் போகவும் இடம் தரும், 'ஷால்' என்றே எழுதுக என வற்புறுத்தினார். அவ்விடத்தில் 'மே' என்பது 'ஷால்' என்றே பொருள்படும் என்பது பிரதமர் நேருவின் விடை. ஆயினும் சொல் மாறவில்லை. 1965இல் தமிழகம் கொந்தளித்தது. உயிர்கள் பல பலியாயின. 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களுக்கும் மத்திய அரசுக்கும் இடையே ஆங்கிலம் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதற்கு 'ஷால்' ஏறியது. அறிஞர்கள் அவையிலேயே இப்படியென்றால், எட்டாம் வகுப்புச் சிறுவன் தடுமாறியது வியப்பா?

ஆதலின் ஆங்கிலக் கடிதம் வந்தால் முதலில் துணைச்சொல்லைத் தேடுங்கள். 'ஷால்' என்றிருந்தால் கடமை, கேட்டுப் பெறலாம். 'வில்' என்றிருந்தால் வாக்கு, கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். 'மே' என்றிருந்தால் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

2001இல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, நம் பெரியோர் பேச்சில் 'சங்கு ஊதும், அப்பா புறப்படுவார்' என்று எதிர்கால வினைகள் நிறைய வருகின்றன. எல்லாம் முன்னாள் வழக்கத்தைச் சொல்பவை. தமிழில் அதற்கும் இடமுண்டு. ஆனால் நம் பிள்ளைகள் அவ்வினைகளை நாளைக்கும் வழங்க வேண்டும்.

என்னால் இயன்றது ஒன்று. ஞாயிறுதோறும் மாலையில் சங்க அறையில் இருப்பேன். ஆங்கிலக் கடிதம் வைத்திருப்போர் கொண்டு வாருங்கள்; படித்துச் சொல்வேன். இதில் 'மே' இல்லை, 'வில்' தான்.