ஒரே தேதியில்



நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளியில், காலை வழிபாடு முடிந்ததும், அன்றைய தேதியில் முன்னாளில் நிகழ்ந்த செய்திகள் இரண்டு மூன்றை வாசித்துக் காட்டுவது வழக்கம். பிறந்தவர் யார், மறைந்தவர் யார், எந்தப் போர் முடிந்தது, எந்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று என்பவற்றையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் தொகுத்து வைத்திருந்தேன். மாணாக்கர் மற்றப் பாடங்களைக் காட்டிலும் இதனை விரும்பிக் கேட்டனர். ஆபிரகாம் லிங்கனும் சார்லஸ் டார்வினும் 1809-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று சொன்னால், அவ்விருவருக்கும் இடையே ஏதோ மறைபொருளான உறவு இருப்பதுபோல் ஓர் எண்ணம் எழும். முதியவர்களுக்கும் இந்த மயக்கம் உண்டு.

இதில் வியப்புக்கு இடம் குறைவு என்று கணக்கு ஆசிரியர்கள் கூறுவார்கள். ஓர் அறையில் 23 பேர் கூடியிருந்தால், அவர்களுள் எவரேனும் இருவர் ஒரே பிறந்த நாளை உடையவராக இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல். ஆண்டுக்கு நாள்கள் 365; உலகில் நடந்தவையோ கணக்கற்றவை. ஒன்றன்மேல் ஒன்று விழாமல் எங்ஙனம் இருக்கும்?

ஆனால் நான் இன்று சொல்ல வந்தது தற்செயலைப் பற்றியன்று. தேதியை எழுதுகின்றவனைப் பற்றியது.

ஏப்ரல் 23-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலக் கவி ஷேக்ஸ்பியரும், ‘டான் குவிக்சோட்’ எழுதிய ஸ்பெயின் நாட்டுச் செர்வாண்டிசும் 1616-ஆம் ஆண்டில் இதே தேதியில் மறைந்தனர் என்று பல ஆண்டுகள் நானே வாசித்திருக்கிறேன். யுனெஸ்கோ நிறுவனம் 1995-இல் இந்நாளை உலகப் புத்தக நாளாக அறிவித்தபோதும் இச்செய்தி எங்கும் பேசப்பட்டது. பின்னரே உண்மையை அறிந்து வெட்கமுற்றேன். போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரெகோரி செய்த நாட்காட்டித் திருத்தத்தை ஸ்பெயின் 1582-இலேயே ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டு அங்கே அக்டோபர் 4-ஆம் தேதி உறங்கியவர்கள் அக்டோபர் 15-ஆம் தேதி விழித்தார்கள். இங்கிலாந்து இத்திருத்தத்தை ஏற்றது 1752-இல்தான். ஆகவே 1616-இல் இரு நாட்டுக் கணக்குகளுக்கும் இடையே பத்து நாள் வேறுபாடு இருந்தது. ஷேக்ஸ்பியர் மறைந்த ஏப்ரல் 23, ஸ்பெயினின் கணக்கில் மே 3 ஆகும். செர்வாண்டிசு மறைந்ததோ ஏப்ரல் 22. மாதா கோயில் பதிவேட்டில் ஏறியது அடக்கம் நிகழ்ந்த 23. ஷேக்ஸ்பியர் பிறந்த நாளும் ஏப்ரல் 23 என்பார்கள். அதற்கும் பதிவு இல்லை. 1564-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி ஞானஸ்நானம் பெற்றார் என்பதே ஏட்டில் உள்ளது. மற்றது நம் விருப்பம்.

அமெரிக்க நாட்டின் ஜூலை 4-ஆம் தேதி இன்னும் சுவையானது. 1776-இல் பிலடெல்பியா நகரில் கூடிய பேரவை, பிரிட்டிஷ் ஆட்சியினின்றும் விலகுவது என்று வாக்களித்தது ஜூலை 2-ஆம் தேதி. மறுநாள் ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், வருங்காலத் தலைமுறையினர் ஜூலை 2-ஆம் நாளை மணியோசையோடும் விளையாட்டோடும் ஒளிவிளக்கோடும் பெருவிழாவாகக் கொண்டாடுவர் என்று நம்பிக்கையுடன் குறித்தார். விழா வந்தது, விளக்கும் ஒளிர்ந்தது, தேதிதான் வேறு. தாமஸ் ஜெபர்சன் வரைந்த பிரகடனத்தைப் பேரவை ஏற்றது 4-ஆம் தேதியாதலால், அச்சான தாளின் தலைப்பில் அத்தேதியே இருந்தது. அதில் பெரும்பாலோர் கையெழுத்திட்டதுகூட ஆகஸ்டு 2-ஆம் தேதிதான். வாக்களித்த நாளைத் தாளின் தேதி வென்றுவிட்டது.

ஆடம்சும் ஜெபர்சனும் நண்பர்களாயிருந்து, பின்னர் அரசியலில் எதிரிகளாகி, 1812-க்குப் பின் கடிதம் எழுதி மீண்டும் நட்புக்கொண்டவர்கள். இருவரும் குடியரசுத் தலைவர்களாக இருந்தவர்கள். பிரகடனத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவு நாளாகிய 1826 ஜூலை 4-ஆம் தேதி நண்பகலை ஒட்டி ஜெபர்சன் வர்ஜீனியாவில் தம் 83-ஆம் வயதில் உயிர் நீத்தார். அன்று மாலையே, பல நூறு மைலுக்கு அப்பால் மாசசூசெட்ஸில், 90 வயது நிரம்பிய ஆடம்சும் மறைந்தார். தந்தி இல்லாத காலம். ஜெபர்சன் இன்னும் இருக்கிறார் என்பதே ஆடம்சின் கடைசிச் சொற்களுள் ஒன்று என்பர். ஐந்தாண்டு கழித்து, 1831-இல், அதே தேதியில் மற்றொரு முன்னாள் தலைவர் ஜேம்ஸ் மன்ரோவும் காலமானார். இறைவன் திருவுள்ளம் என்று அந்நாட்டு மக்கள் மெய்சிலிர்த்தனர். விழா நாளைக் கண்டுவிட்டுப் போகவேண்டும் என்ற உறுதி அவ்விரு முதியவர்களின் உயிரைப் பிடித்து வைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். கிராமங்களில் பொங்கலைக் கண்டு கண்மூடும் பாட்டிமாரை நாம் பார்த்ததில்லையா?

வேண்டுமென்றே ஒரு தேதியின்மேல் மற்றொன்றை ஏற்றியதும் உண்டு. நம் அரசியலமைப்புச் சட்டத்தை அரசியல் நிர்ணய சபை 1949 நவம்பர் 26-ஆம் தேதி ஏற்றுக்கொண்டது. முழுமையாக நடைமுறைக்கு வர மேலும் இரண்டு மாதம் காத்திருந்தது. 1930 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை, நாடெங்கும் மக்கள் கூடி முழு விடுதலை உறுதிமொழி எடுத்த நாள் என்பதே காரணம். இது தற்செயல் அன்று, நன்றிக்கடன்.

இனி, என் கதைக்கு வருகின்றேன். 1984-ஆம் ஆண்டு, நான் ஒரு சிற்றூரில் ஈராசிரியர் பள்ளியில் இருந்தேன். ஜூன் மாதத்தில் சேர்க்கை. பிள்ளையின் பிறந்த தேதி என்ன என்று கேட்டால், பெற்றோர் பெரிய மழை பெய்த ஆண்டு என்பர். மூத்தவள் சடங்குக்கு முந்திய மாதம் என்பர். ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. நான் பேனாவை எடுத்து ஜூன் 1 என்று எழுதுவேன். எனக்கு முன்னிருந்தவரும் அவ்வாறே எழுதினார். அவ்வாண்டு சேர்ந்த 26 பிள்ளைகளுள் 11 பேர் ஜூன் 1-இல் பிறந்தவர்கள்! கணக்கு ஆசிரியரின் எந்தச் சூத்திரமும் இதற்கு விளக்கம் தராது.

அந்தப் பதினொருவருள் ஒரு சிறுவனின் தாய் மட்டும் தெளிவாகச் சொன்னாள்: “கோகுலாஷ்டமிக்கு மறுநாள் விடியற்காலம் பிறந்தான், ஐயா.” ஆண்டும் சொன்னாள். ஒரு பழைய பஞ்சாங்கம் இருந்தால் ஆங்கிலத் தேதி கிடைத்துவிடும். ஆனால் உண்மையை எழுதினால் ஐந்து நிறைய இரண்டு மாதத்துக்கு மேல் குறையும். பிள்ளையைத் திருப்பி அனுப்ப வேண்டும். நல்லது செய்வதாக எண்ணி, 1979 ஜூன் 1 என்று எழுதினேன்.

இருபத்தைந்து ஆண்டு கழிந்து அவன் என்னைத் தேடி வந்தான். அரசுப் பணித் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறான். ஜூலை முதல் தேதியன்று முப்பது வயதைக் கடந்திருக்கக் கூடாது என்பது வரம்பு. ஏட்டின்படி ஒரு மாதம் கடந்துவிட்டது; தாய் சொன்ன கணக்கின்படி இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஏறிவிட்ட தேதியை மாற்றுவது எளிதன்று. இருவரும் அந்தப் பள்ளிக்குச் சென்று பழைய பதிவேட்டைப் பார்த்தோம். ஒரே மை, ஒரே கையெழுத்து, வரிசையாக ஜூன் 1. நான் பேசவில்லை.

அவன்தான் பேசினான். “நீங்கள் உள்ளபடி எழுதியிருந்தால் அந்த ஆண்டு மாடு மேய்க்கப் போயிருப்பேன், ஐயா. மறு ஆண்டு பள்ளிக்கு வந்திருப்பேனோ, என்னவோ.” இதை ஆறுதலுக்குச் சொன்னானா, உண்மையாகவே நினைத்தானா என்று நான் கேட்கத் துணியவில்லை.

திரும்பும் வழியில் ஒன்று கேட்டான். அவன் தாய் இருந்தவரை கோகுலாஷ்டமிக்கு மறுநாள் பாயசம் வைப்பாளாம். அந்த நாள் ஆண்டுதோறும் மாறி மாறி வருமாதலால், தான் பிறந்த ஆங்கிலத் தேதி இன்னதென்று அவனுக்கு இதுவரை தெரியாதாம். அடுத்த வாரம் ஒரு புரோகிதர் வீட்டுப் பரணில் 1979-ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம் அகப்பட்டது. கணக்குப் பார்க்க அரை மணி நேரங்கூட ஆகவில்லை. ஒரு சிறு தாளில் தேதியை எழுதிக் கொடுத்தேன். அவன் அதை இருமுறை படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.