சைகானில் முதல் போணி
வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில், அதாங்க பழைய சைகானில், பென் தான் சந்தை. விலை கேட்டால் கடைக்கார அம்மா கால்குலேட்டரைத் தட்டி நீட்டுவார். நம்ம விலையைத் தட்டித் திருப்பிக் கொடுக்கலாம். பாஷையே வேண்டாம்! ‘ஐம்பது’ என்றால் ஐம்பதாயிரம் டாங். ஆயிரத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. 20,000 தாளும் நீலம், 5,00,000 தாளும் நீலம். இரண்டிலும் ஹோ சி மின் படம். அவசரத்தில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போச்சு. பெரிய தாளைத் தனிப் பையில் வையுங்கள்.

அங்கேயும் போணி உண்டு. ‘மோ ஹாங்’ என்பார்கள். முதல் ஆளாகப் போய்ப் பேரம் பேசிவிட்டு வெறுங்கையோடு நகர்ந்தால், பீடை கழியக் காகிதம் கொளுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். சும்மா பார்க்கிற எண்ணமா? பத்து மணிக்கு மேல் போங்கள்.