ஓடாத காருக்கும் ஓர் அறிவிப்பு

ஊரில் அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஆறு மாதம் போய் இருக்க வேண்டி வருகிறது. லண்டனில் கார் சும்மா நிற்கும். ஓடாத வண்டிக்கு எதற்கு டாக்ஸ் என்று வங்கியில் சொல்லி நிறுத்திவிட்டு விமானம் ஏறுகிறோம். திரும்பி வந்து கதவைத் திறந்தால், தபால் குவியலுக்குள் 80 பவுண்டு அபராதக் கடிதம். 33 நாளுக்குள் கட்டியிருந்தால் பாதிதான். ஊரில் இருந்தவருக்கு அந்தச் சலுகை எப்படிக் கிடைக்கும்?

டாக்ஸ் கட்ட வேண்டியதில்லை. ஆனால் வண்டி சாலைக்கு வராது என்று வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏ-வுக்குச் சொல்லிவிட வேண்டும். 1998-இல் வந்த இந்த அறிவிப்பைத்தான் சோர்ன் என்கிறோம். கட்டணம் கிடையாது. லாக்புக்கில் உள்ள 11 இலக்க எண்ணை வைத்து இணையத்தில் பதிந்தால் உடனே அமலுக்கு வரும். மீதமுள்ள முழு மாதங்களின் டாக்ஸ் திரும்ப வரும். முழு மாதம் என்பதால், ஒன்றாம் தேதி வரை இழுத்தடித்தால் அந்த மாதப் பணம் போச்சு. சோர்ன் போடாமல் இன்சூரன்ஸை மட்டும் நிறுத்தினாலும் 100 பவுண்டு அபராதம் உண்டு. 2011 முதல் அதுதான் சட்டம்.

எல்லாவற்றையும்விட, வண்டி நிற்கும் இடத்தைக் கவனியுங்கள். டிரைவ்வேயோ கராஜோ, அது தனியார் நிலமாக இருக்க வேண்டும். ஈஸ்ட்ஹாம் பக்கத்து வரிசை வீடுகளில் பலருக்கு டிரைவ்வே இல்லை. வாசலுக்கு நேரே தெருவில்தான் கார். கவுன்சிலில் பார்க்கிங் பெர்மிட் எடுத்திருந்தாலும் அது பொதுச்சாலையே. அங்கே சோர்ன் போட்ட வண்டி நிற்கக்கூடாது. தெரிந்தவர் வீட்டு டிரைவ்வேயைக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் டாக்ஸும் இன்சூரன்ஸும் தொடரட்டும், வேறு வழியில்லை.

இடம் கிடைத்தாலும், திருட்டுக்கும் தீ விபத்துக்குமான காப்பீட்டை விட்டுவிடாதீர்கள் என்றுதான் நான் சொல்வேன். பார்ப்பாரற்று மாதக்கணக்கில் நிற்கும் வண்டி அது.

சோர்ன் போட்ட வண்டியை, முன்பதிவு செய்த எம்ஓடி சோதனைக்கு, இன்சூரன்ஸோடு, ஓட்டிப் போகலாம். மற்றபடி அதில் பக்கத்துக் கடைக்குப் பால் வாங்கப் போனால்கூடக் குற்றம்தான். வழக்கு நீதிமன்றம் போனால் அபராதம் 2,500 பவுண்டு வரை ஏறலாம்.

பழைய கார் வாங்கும் பிள்ளைகளே, விற்றவர் போட்ட சோர்ன் உங்களுக்குச் செல்லாது. வாங்கிய கையோடு டாக்ஸ் கட்டுங்கள், அல்லது உங்கள் பெயரில் புதிதாக அறிவியுங்கள்.